வயர்மேன் அக்கா கழற்ற மறுத்த சுவிட்ச்

வயர்மேன் அக்கா ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் சுவிட்சைத் தேட மாட்டார், நாற்காலியைத் தேடுவார். அதில் வசதியாக உட்கார்ந்து, பையைக் காலடியில் வைத்துவிட்டு, "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனால் டாக்டர் கேட்கிற மாதிரியே இருக்கும். சுவிட்ச் வேலை செய்யவில்லை, மாற்ற வேண்டும் என்று சொன்னால் அவருக்குப் போதாது. எப்போதிலிருந்து? முதலில் பார்த்தது யார்? மழையா வெயிலா? தொட்டவர் கை ஈரமாக இருந்ததா? அப்போது வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? தே ஓ என்கிற பால் இல்லாத டீ வரும், பேச்சில் அது ஆறிப்போகும், இன்னொன்று வரும். பையின் ஜிப் அதுவரை திறந்திருக்காது.

பொறுமை இல்லாதவர்களுக்கு அக்கா சரிப்பட்டு வர மாட்டார். எனக்குப் பொறுமை கிடையாது. இருந்தும் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

மின்சார வேலைக்கு லைசன்ஸ் வைத்திருப்பவரை எங்கள் ஊரில் வயர்மேன் என்பார்கள். அந்த வேலையை ஒரு பெண் செய்தால் எப்படிக் கூப்பிடுவது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. அதனால் பின்னால் ஓர் அக்காவை ஒட்டிவிட்டார்கள். புக்கிட் ரோத்தானிலிருந்து தஞ்சோங் காராங் வரைக்கும் இந்தப் பெயர் செல்லும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஐம்பதை ஒட்டிய வயது. ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, காதில் பெரிய ஜிமிக்கி, காலில் தொழிற்சாலை பூட்ஸ். குரல் மட்டும் அடுத்த வரிசை வீடு வரைக்கும் கேட்கும். முறுக்கு டின்னை முன்னால் வைத்தால் பேசிக்கொண்டே காலி செய்துவிடுவார். நம் வீட்டுத் திரைச்சீலையின் நிறம் சரியில்லை என்று கேட்காமலே சொல்வார். ஒரு மணி நேர வேலைக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்வதால், ஒருமுறை கூப்பிட்டுவிட்டு மறுமுறை வேறு ஆளைத் தேடிப் போனவர்களும் உண்டு.

அவருக்குப் பிழைப்பைக் கொடுத்தது ஒரு பழைய மோகம். பத்து வருடத்துக்கு முன்னால், எங்கள் பக்கத்துக் குடியிருப்புத் தாமான்களில் புது வீடு கட்டியவர்கள், இருந்த வீட்டைப் புதுப்பித்தவர்கள் எல்லாரும் ஸ்மார்ட் சுவிட்ச் போட்டார்கள். சுவரில் கறுப்புக் கண்ணாடி, தொட்டால் விளக்கு எரியும். போனில் தட்டினாலும் எரியும். நேரம் குறித்து வைத்தால் தானாகவே எரிந்து தானாகவே அணையும். திருமணத்துக்கு வந்த சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டுக் காட்டிய காலம் உண்டு. பிறகு அந்தக் கம்பெனிகளில் பல இழுத்து மூடப்பட்டுவிட்டன. பழைய செயலி புதுப் போனில் திறக்காது. கண்ணாடியைத் தொட்டால் சில நாள் எரியும், சில நாள் எரியாது. அதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுவதுதான் அக்காவுக்கு முக்கால்வாசி வேலையாக இருந்தது.

தஞ்சோங் காராங்கில் ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் பொய் என்று பேர் வாங்கியவர். பக்கத்து வீட்டுக்காரன் கேட்டைத் திறக்கும்போதெல்லாம் தன் வீட்டு வராந்தா விளக்கு எரிகிறது என்று அவர் சொல்லித் திரிந்தார். சாப்பாட்டுக் கடையில் அதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. அக்கா மட்டும் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய், கேட்டைக் கொஞ்சம் திறந்து மூடச் சொன்னார். வராந்தா விளக்கு எரிந்தது. கேட்டின் ரிமோட்டும் விளக்கின் ரிமோட்டும் ஒரே அலைவரிசையில் இருந்திருக்கின்றன.

"அந்த ஆளு பேச்சப் போயி எப்பிடிக்கா நம்புனீங்க?" என்று கடைக்கார பாய் கேட்டிருக்கிறார்.

"பொய் சொல்றவரு வீட்லயும் வயரு கெட்டுப் போவும்ல, பாய்" என்றாராம் அக்கா.

எனக்கு அவரைப் பற்றி முதலில் சொன்னவர், நான் கிராணியாக, அதாவது அலுவலகக் குமாஸ்தாவாக, இருக்கும் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்க்கும் ஓர் இளம் ஆசிரியை. பெஸ்தாரி ஜெயா பக்கம் வீடு. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. பத்து மணி ஆனால் அந்த வீட்டில் விளக்கெல்லாம் அணைந்துவிடும். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாலும் சரி, பிள்ளைக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தாலும் சரி. கணவர் அங்கிருந்தபடியே போனில் அணைப்பார். கரண்டு மிச்சம் என்பது அவர் சொன்ன காரணம். ஆசிரியை இதைத் தன் அம்மாவிடம் சொன்னபோது, உனக்கு நல்லதுக்குத்தானே செய்கிறார் என்று பதில் வந்திருக்கிறது.

அக்காவைக் கூப்பிட்டது வேறு ஏதோ பியூஸ் வேலைக்கு. வழக்கம்போல் உட்கார்ந்து, என்ன பண்ணுது என்று கேட்டிருக்கிறார். ஆசிரியை அழுதுகொண்டே பத்து மணி விஷயத்தைச் சொல்லிவிட்டார். அக்கா படுக்கையறையிலும் சமையல்கட்டிலும் சாதாரண சுவிட்சை மாட்டிவிட்டார். சிங்கப்பூரிலிருந்து கணவர் போனில் கத்தியபோது, "தம்பி, வெளிச்சம் தேவைப்படறவங்க இங்க இருக்காங்க. சுவிட்சும் இங்கதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இந்தக் கதையை எனக்கு ஆசிரியைதான் சொன்னார். அவ்வளவு பேசுகிற அக்கா, ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில் திறந்ததே இல்லை.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்தவர். அம்மா போன பிறகு புக்கிட் ரோத்தான் வீட்டில் தனியாக இருந்தார். நான் குடும்பத்தோடு தஞ்சோங் காராங்கில். அண்ணன் ஷா ஆலாமில் எஞ்சினியர். அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில், அப்பா எழுந்து எழுந்து சுவிட்ச் போட வேண்டாம் என்று, ஸ்மார்ட் சுவிட்ச் போட்டுக் கொடுத்ததே அண்ணன்தான். ஆசையாகச் செய்தான். மாலை ஏழு மணிக்கு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும், பதினொரு மணிக்கு எல்லாம் அணையும்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்த வருடம் அப்பாவின் போக்கு மாறியது. பட்டப்பகலில் வீட்டு விளக்கையெல்லாம் போட்டு வைத்திருப்பார். பொழுது சாய்ந்தால் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார். நானே இரண்டையும் பார்த்தேன். கேட்டால், "நான் போடலம்மா, அதுவா எரியிது. அதுவா அணையிது" என்பார். முதலில் கோபமாகச் சொன்னார், பிறகு கெஞ்சலாகச் சொன்னார், பிறகு சொல்வதை விட்டுவிட்டார். ஒருநாள் சாயங்காலம் குளியலறையில் விழுந்து இடுப்பில் அடிபட்டது. இருட்டில் ஏன்ப்பா போனீங்க என்று அண்ணன் கேட்டதற்கு, "மறந்துட்டேன் போல" என்றார். அவர் வாயாலேயே சொன்ன பிறகு எங்களுக்கு வேறென்ன வேண்டும்? கிள்ளானில் ஒரு முதியோர் இல்லம் பார்த்தோம். தீபாவளி முடிந்ததும் அப்பா அங்கே, வீடு வாடகைக்கு. வாடகைக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கோளாறு பிடித்த சுவிட்சுகள் எதற்கு, எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சாதாரண சுவிட்ச் போட்டுவிடலாம் என்று அண்ணன் சொன்னான். அதற்குத்தான் வயர்மேன் அக்காவை வரச் சொன்னேன்.

மதியம் வந்தார். நாற்காலியைப் பிடித்தார். என்னிடம் எதுவும் கேட்காமல் அப்பா பக்கம் திரும்பி, "எந்தத் தோட்டம்?" என்றார். ராசா என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் பெயரை அப்பா சொன்னதும், அக்காவின் அம்மா அதற்கு அடுத்த டிவிஷனில் பால் வெட்டியவர் என்று தெரிந்தது. "அப்ப நீங்க எனக்கு மாமாதான். சொல்லுங்க மாமா, இந்த லைட்டு என்ன பண்ணுது?"

அப்பா என்னைப் பார்த்தார். "நான்தான்மா மறந்து போயி போட்டுர்றேன்" என்றார்.

"அது இவங்க சொல்றது. நீங்க பாத்தது என்ன?"

அப்பாவிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மெதுவாகச் சொன்னார். மூன்று மணி வாக்கில் ஹாலில் எரியும். அப்புறம் ரூமில். அப்புறம் பின்னால். ஏழு மணி வாக்கில் மொத்தமும் போய்விடும். தொட்டுப் பார்த்தால் கண்ணாடி கேட்காது. வாரத்துக்கு வாரம் நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்.

நான் அக்காவைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய், அவருக்கு மறதி, அடுத்த மாதம் ஹோமுக்குப் போகப் போகிறார், நீங்கள் வேலையை ஆரம்பியுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். அக்காவுக்குத் தாழ்ந்த குரல் கிடையாது. "மூணு மணின்றாரு, இப்பவே ரெண்டரை ஆச்சி. உக்காந்து பாத்தா என்னா கொறஞ்சி போவுது லா?" என்று ஹாலுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. முறுக்கு டின்னை வேண்டுமென்றே எடுத்து வைக்கவில்லை.

அப்பாவும் அக்காவும் ராசா மாரியம்மன் கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எதிரில் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். மூன்று மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஹால் விளக்கு எரிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு அப்பாவின் அறையில் எரிந்தது. பிறகு பின்கட்டில். அப்பா விளக்கைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் வேலையில் இருந்தான். "அதான் பழைய சிஸ்டம், கெட்டுப் போச்சி. எல்லாத்தையும் கழட்டச் சொல்லு" என்றான். அப்பா போடவில்லை என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை. "இன்னிக்கு அதுவா எரிஞ்சிருக்கும், மத்த நாளு அவருதான் போடுறாரு" என்றான். அக்கா என்னிடமிருந்து போனை வாங்கினார்.

"தம்பி, நான் இன்னிக்குக் கழட்ட மாட்டேன். ஞாயித்துக்கெழம வாங்க. வந்து ஒக்காந்து பாருங்க. அப்புறம் கழட்டுறேன்."

"ஒங்கள நாங்க கூப்புட்டது வேலை செய்யிறதுக்கு. முடியாதுன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்."

"பாத்துக்குங்க. ஆனா இத இப்பக் கழட்டிட்டா, ஒங்கப்பா சொன்னதுக்குச் சாட்சி போயிடும். அப்புறம் அவரு காலத்துக்கும் மறதிக்காரருதான்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. கைக்கு வந்த வேலையை இப்படித் தள்ளி வைத்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். அக்கா அவனுக்கு முன்பே வந்து தன் நாற்காலியில் இருந்தார். நான்கு பேரும் ஹாலில் உட்கார்ந்தோம். அந்த வாரம் விளக்கு சற்றுத் தாமதமாக எரிந்தது, அதுவரைக்கும் அப்பா வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில் எங்கள் நால்வரின் கண் முன்னாலும் ஹால், அறை, பின்கட்டு என்று எரிந்து முடிந்தது.

அண்ணன் எழுந்தான். சாமி மேடைக்கு மேலே மாட்டியிருந்த சின்ன வெள்ளைப் பெட்டியைப் பார்த்தான். சுவிட்சுகளுக்கெல்லாம் உத்தரவு போடுவது அதுதான். அந்த மூலையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் உண்டு.

"அப்பா, இந்த பிளக்க யாராச்சும் புடுங்குறாங்களா?"

"வெள்ளிக்கெழம நான்தான்யா புடுங்குவேன். சாமிக்கு சீரியல் லைட்டு போடணும்ல. பூஜை முடிஞ்சதும் திருப்பி மாட்டிருவேன். அம்மா இருந்தப்பயும் அப்பிடித்தான்." பிறகு, பயந்துபோன குரலில், "தப்பாய்யா?" என்றார்.

அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்கும் சொன்னான். பிளக்கைப் பிடுங்கி மாட்டினால் அந்தப் பெட்டி மணி என்ன என்பதையே மறந்துவிடும். முன்பெல்லாம் கம்பெனியின் கம்ப்யூட்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். கம்பெனி மூடிய பிறகு கேட்க ஆளில்லை. அதனால் அப்பா பூஜை முடிந்து மாட்டுகிற நேரத்தையே, இரவு எட்டு மணி வாக்கை, நள்ளிரவு என்று வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்திருக்கிறது. அதன் கணக்கில் மாலை ஏழு மணி, எங்களுக்குப் பிற்பகல் மூன்று. அதற்குப் பதினொரு மணி என்றால், எங்களுக்குப் பொழுது சாய்கிற நேரம். மறதி வந்தது பெட்டிக்கு. பழி விழுந்தது அப்பாவின் மேல்.

அண்ணன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கிளம்பப் பார்த்தான். அக்கா விடவில்லை. "அணையிறதயும் பாத்துட்டுப் போங்க தம்பி. அதுலதான மாமா வுழுந்தாரு."

அதனால் காத்திருந்தோம். அன்றைக்கு முறுக்கு டின்னை நானே கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் வீடு மொத்தமும் ஒரேயடியாக அணைந்தது. அண்ணன் எழுந்து தடவித் தடவி, சுவரில் இருந்த கண்ணாடியைத் தொட்டான். எரியவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தொட்டான். எரியவில்லை. நாற்காலியில் இடித்துக்கொண்டான்.

இருட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நான் அணைக்கலய்யா."

"தெரியும்பா" என்றான் அண்ணன். நான் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா டார்ச்சை அடித்தார்.

மறுநாள் வேலை நடந்தது. அண்ணன் லீவு போட்டுவிட்டுக் கூடவே நின்றான். புது சிஸ்டம் ஒன்று இருக்கிறது, கேமராவோடு, ஷா ஆலாமிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தான். அக்கா அப்பாவைப் பார்த்தார். அப்பா, "தட்டுனா டக்குன்னு சத்தம் கேக்குமே, அது போதும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு அக்கா அப்பாவை அறையிலிருந்து குளியலறை வரைக்கும் நடக்கச் சொன்னார். கை தானாக எங்கே போகிறதோ அங்கே சுவரில் பென்சிலால் ஒரு கோடு. இடுப்பு வலிக்குப் பிறகு அப்பா சற்றுக் குனிந்து நடந்தார். அதனால் கோடுகளெல்லாம் தாழ்வாகவே விழுந்தன. சுவிட்சுகளும் அங்கேயே வந்தன. பழைய கண்ணாடி இருந்த ஓட்டைகளை வெள்ளை மூடி போட்டு அடைத்தார். சுவர் பார்க்க ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி ஆகிவிட்டது. எதிலும் நேர்த்தி பார்க்கிற அண்ணன்தான் அந்த மூடிகளை எடுத்துக் கொடுத்தான். கிள்ளானுக்குப் போன் செய்து, அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அக்கா இப்போது இந்தப் பக்கம் இல்லை. மகளுக்கு ஜொகூரில் வேலை கிடைத்ததும் கூடவே போய்விட்டார். அங்கேயும் யார் வீட்டிலாவது உட்கார்ந்து தே ஓ குடித்துக்கொண்டிருப்பார். ஊரை விட்டுப் போவதற்கு முன்னால், சபாக்கில் ஒரு வேலைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

அதற்குள் சில வருடங்கள் ஓடியிருந்தன. அப்பாவுக்கு உண்மையாகவே மறதி வந்திருந்தது. டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துச் சொன்ன மறதி. நான் என் குடும்பத்தோடு புக்கிட் ரோத்தானுக்கே குடி வந்திருந்தேன். அன்று காலையிலிருந்து அப்பா, பின் அறையில் ஒருத்தன் நிற்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் இல்லப்பா, யாரும் இல்லப்பா என்று நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். நான் சொல்லச் சொல்ல அவருக்குப் பதற்றம்தான் கூடியது. மதியச் சோற்றைத் தொடவில்லை.

அக்கா வந்து உட்கார்ந்தார். அப்பாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் அவரிடமும், "பின்னாடி ரூம்ல ஒருத்தன் நிக்கிறான்" என்றார். நான் அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எந்தப் பக்கம் மாமா?"

"பீரோகிட்ட."

அக்கா தே ஓ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். பெரியவரைச் சமாதானப்படுத்தச் சும்மா ஒரு நடை போய்விட்டு வருவார் என்றுதான் நினைத்தேன், பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். அவர் விளக்கைப் போட்டார். பீரோவைத் திறந்து, தொங்கிய சட்டைகளை ஒதுக்கிப் பார்த்தார். பூட்ஸ் காலோடு முட்டி போட்டு, டார்ச் அடித்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். திரைச்சீலையை விலக்கினார். ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். அதில் நடிப்பே இல்லை. யாராவது இருக்கலாம் என்று நினைக்கிறவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

திரும்பி வந்து அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நல்லா பாத்துட்டேன் மாமா. இப்ப யாரும் இல்ல."

அப்பா அவர் முகத்தைப் பார்த்தார்.

"நீ போயி பாத்தியாம்மா?"

"பாத்தேன் மாமா."

"அப்பச் சரி" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, சோறு போடச் சொன்னார்.